அந்த ஆள் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்

நீதிமன்றத்தின் பின் வராந்தாவில் என்னை நிறுத்தி அவர் கேட்ட கேள்விதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வெளியே மழை. ஓட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக விழுந்துகொண்டிருந்தது. அவர் மேற்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். கையிலிருந்த குடையை விரிக்கவும் இல்லை, மடித்துக் கட்டவும் இல்லை. நான் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் இருந்தேன். "முதலியார், ஒரு விசயம்" என்றார், கடைத்தெருவில் முஸ்லிம் வியாபாரிகளிடம் கற்றுக்கொண்ட தமிழில். "அந்த ஆளு இன்னும் பேசினதுதானே? நீங்க ஏன் நிப்பாட்டினது?"

"கோட்டுக்கு வேண்டியதச் சொல்லிட்டேன், மெம்பர்" என்றேன். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். நன்றாகவே சாப்பிட்டேன். இதைப் படிக்கிறவர்கள், கிழவன் சாகுமுன் மன்னிப்புக் கேட்கிறான் என்று எண்ணிவிட வேண்டாம். மன்னிப்புக் கேட்பது என்ற அந்தச் சடங்கின்மேல் எனக்கு இருக்கும் வெறுப்பு போகப் போகப் புரியும். கோபத்தில்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பெரும்பங்கு என்மேல். மிச்சத்தை யார் யாருக்குப் பங்கு வைக்க வேண்டுமோ அவர்கள் பெரும்பாலும் செத்துப் போய்விட்டார்கள்.

அவரை நாங்கள் எல்லாரும் மெம்பர் என்றே அழைத்தோம். அதற்கு முன் வெறும் புரொக்டர், அதாவது வக்கீல். எங்கள் மலையடிவார ஊரின் சிறிய நீதிமன்றத்தில் காணி வழக்குகளும் மாட்டு வழக்குகளும் பேசிவந்த சிங்களவர். தோட்டத்துச் சனங்களுக்கு முதன்முதலாக வாக்குக் கிடைத்த காலத்தில் அரசாங்க சபைக்குப் போட்டியிட்டு வென்றார். அவருடைய சாதிக்காரர்கள் பாதிப்பேரும், லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனங்கள் கிட்டத்தட்ட எல்லாரும் அவருக்குப் போட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அதை ஒரு வசையாகத்தான் பேசிக்கொண்டார்கள். அப்போது கட்சிகள் இப்போதுபோல் இல்லை. ஆனாலும் மந்திரிமாருக்கு எதிரே உட்கார்ந்து எதிர்த்துப் பேசுவதையே வேலையாகக் கொண்ட சிலர் சபையில் இருந்தார்கள். அவர்களில் இவர் ஒருவர். மற்றவர்கள் வரவு செலவு, பாலம், பள்ளிக்கூடம் என்று பேசினார்கள். இவர் பேசியதெல்லாம் தண்டனையைப் பற்றி.

சபையில் அவர் பேசியவற்றை நான் பத்திரிகையில் ஒன்றுவிடாமல் படிப்பேன். நீதிமன்றத்தில் வேலை செய்கிறவனுக்கு அதில் ஒரு ருசி உண்டு. வீட்டுக்குள் நடப்பதைத் தெருவில் நின்று யாரோ சொல்வதைக் கேட்பதுபோல. அபராதம் கட்ட முடிந்தவன் வீட்டுக்கும் கட்ட முடியாதவன் சிறைக்கும் போவதென்றால், சிறைக்குப் போகிறவன் தண்டனை அனுபவிப்பது களவுக்கா, ஏழ்மைக்கா என்று கேட்டார். ஒரே குற்றத்துக்கு ஒரு ஊர் நீதவான் எச்சரித்து விடுகிறார், அடுத்த ஊர் நீதவான் பிரம்படி கொடுக்கிறார், நடுவில் ஒரு பாலம்தான் இருக்கிறது, சட்டம் அந்தப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் விழுந்துவிடுகிறதா என்று கேட்டார். பிரம்படி விதிக்கிற நீதவான் அந்த அடி விழும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துச் சட்டம் செய்யுங்கள், அடுத்த மாதமே பிரம்புக்கு வேலை இருக்காது என்றார். அன்றைக்குச் சபையில் பெரிய கூச்சலாம். "மெம்பர் இன்று லயத்திலிருந்து நேராக வந்திருக்கிறார் போலும்" என்று ஒரு பிரபு எழுந்து சொல்ல, இவர், "ஆமாம், அங்கே வாசல் தாழ்வு, குனிந்து வந்தேன். கனவானுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவர் குனிவதெல்லாம் கவர்னர் மாளிகையின் உயரமான வாசலில்தான்" என்றாராம்.

இனி என்னைப் பற்றி. என் தகப்பனார் பெல்மதுளைக்கும் றக்வானைக்கும் இடையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். தோட்டத்தின் மேல் பிரிவை மேக்கணக்கு என்போம். அங்கேதான் எங்கள் வீடு. விடியற்காலையில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் எடுக்கும் பெரட்டுக் களத்துக்கு அவரோடு போய் நின்று வளர்ந்தவன் நான். பிறகு மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, இங்கிலீஷ் பரீட்சைகளில் தேறி, பொலிஸ் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். அந்த வேலையில் இருப்பவனை ஊரார் முதலியார் என்பார்கள். அந்தப் பட்டத்தை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் அப்படிக் கூப்பிட்டால் மட்டுமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் சீக்கிரமே வளர்ந்துவிட்டேன்.

பெரட்டுக் களத்தில் ஒரு வழக்கம் இருந்தது. துரையிடம் ஒரு தொழிலாளி எதைச் சொல்வதென்றாலும், முதலில் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். பிறகு குனிந்து, "தப்புதாங்க தொரை, மன்னிச்சுக்கணும்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் விசயம். பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து வேண்டும் என்றாலும் அப்படித்தான். கூரை ஒழுகுகிறது என்றாலும் அப்படித்தான். ஒரு முறை ஒரு பெண், மருந்து கிடைக்காமல் செத்துப்போன தன் குழந்தையைப் புதைக்க இடம் கேட்டு வந்து, அதற்கும் தப்புதாங்க தொரை என்றுதான் தொடங்கினாள். அந்த முதல் வார்த்தை இல்லாமல் பேசினால் துரை முகத்தைத் திருப்பிக்கொள்வார். கங்காணி பிடரியில் தட்டி, "மொதல்ல மன்னிப்புக் கேளுடா" என்பார். வீட்டுக்குள் நுழையுமுன் காலைக் கழுவுவது மாதிரி அது. காலைக் கழுவுகிறவன் எல்லாம் சேற்றில் விழுந்தவன் என்று யாரும் சொல்வதில்லை. துரை சொல்வதில்லை. கங்காணி சொல்வதில்லை. அதைச் சொன்னவன் நான்.

நீதிமன்றத்தில் குற்றத்தை வாசித்துவிட்டு, "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்பது என் வேலை. செய்தாயா, செய்யவில்லையா என்று அர்த்தம். சுற்றவாளி என்ற சொல்லைத் தோட்டத்தில் யாரும் பிறந்ததிலிருந்து கேட்டிருக்க மாட்டார்கள். கேட்ட மாத்திரத்தில் கூண்டில் நிற்கிறவன் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே முறையில் பேச்சைத் தொடங்குவான். "தப்புதாங்க சாமி, மன்னிச்சுக்கணும்." நான் அந்த இடத்தில் நீதவானைப் பார்த்து, குற்றத்தை ஒப்புக்கொள்கிறான் என்று இங்கிலீஷில் சொல்லிவிடுவேன். அவன் பேசிக்கொண்டே இருப்பான். நீதவான் எழுதத் தொடங்கிவிடுவார். சார்ஜன்ட் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்.

எப்போதும் அப்படி இருந்ததா என்று கேட்டால், இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முழுவதும் சொன்னேன். நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அவன் என்னதான் சொல்கிறான், ஆமா இல்லையா?" என்பார். முழுவதும் சொன்னால் சாட்சி கூப்பிட வேண்டும், தவணை போட வேண்டும். சார்ஜன்ட் என்னிடம் வந்து, "என்ன முதலியார், இன்னைக்கும் எங்களப் பட்டினி போடப் போறீங்களா?" என்று சிரிப்பார். சுருக்கிச் சொல்லத் தொடங்கிய பிறகு நீதிமன்றம் நேரத்துக்கு எழுந்தது. "நமது மொழிபெயர்ப்பாளருக்கு விசயத்தின் சாரத்தைப் பிடிக்கும் திறமை இருக்கிறது" என்று நீதவான் திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். அந்தப் பாராட்டை அன்று மாலையே என் மனைவியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அந்த மழை நாளில் கூண்டில் நின்றவர் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் ஒரு பால்வெட்டுக்காரர். என் தகப்பனார் வேலை செய்த அதே தோட்டம். ஒட்டுப்பால் திருடியதாக வழக்கு. மரத்துப் பட்டையிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் ரப்பரை ஒட்டுப்பால் என்போம். அதில் ஒரு மூட்டையைக் காவல்காரர்கள் அவர் காம்பராவில், அதாவது லயத்து அறையில், கண்டுபிடித்திருந்தார்கள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவர் துண்டை இடுக்கிக்கொண்டு குனிந்தார். "தப்புதாங்க சாமி, மன்னிச்சுக்கணும் சாமி. நான் களவெடுக்கலீங்க. மழ ஊத்துது, ஸ்டோருக்குக் காலையில கொண்டுபோயிக்கலாம், ஒன் காம்பராவுல வச்சிக்கன்னு கங்காணிதாங்க கொண்டாந்து வச்சாரு. அவரயே கேளுங்க, அந்தா நிக்கிறாரு சாமி..." இதில் முதல் வாக்கியத்தை மட்டும் நான் நீதவானுக்குக் கொடுத்தேன். மூன்று மாதக் கடூழியச் சிறை, பன்னிரண்டு பிரம்படி என்று தீர்ப்பாயிற்று. பொலிஸ்காரர் கையைப் பிடித்து இறக்கும்போதும் அவர் கங்காணியைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கங்காணி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூட்டையை வைத்தது உண்மையில் கங்காணிதானா என்பது எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கட்டடத்தைக் கட்டி, அதற்கு ஒரு மணியும் ஒரு நாற்காலியும் அதன்மேல் ஒரு மனிதனையும் வைத்திருந்தார்கள். மெம்பர் வேறொரு வழக்குக்காகப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தமிழ் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சபைப் பேச்சுக்காரர் இந்த மாதிரி வழக்குகளைக் கவனிப்பார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கவனித்தார். வராந்தாவில் என்னைப் பிடித்துக் கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மழையோடு, என் வீட்டுக்கு வந்தார். கூடவே அந்தப் பால்வெட்டுக்காரரின் மனைவி. சபை உறுப்பினர் வீட்டுக்கு வந்ததில் என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல கோப்பையைத் தேடி உள்ளே ஓடினாள். அந்தப் பெண் படியில் நின்றாள். நான் உள்ளே வரச் சொல்லவில்லை.

"முதலியார், குத்தம் ஒத்துக்கிட்டவனுக்கு அப்பீல் இல்லை, உங்களுக்குத் தெரியும்தானே" என்றார் மெம்பர். "ஆனா பிரம்பு இன்னும் விழல்ல. டொக்டர் பாத்து எழுதணும், அதுக்கு நாள் இருக்கு. நீங்க கேட்டத மட்டும் ஒரு சத்தியக் கடுதாசியில எழுதித் தாங்க. நான் கவர்னர்கிட்ட போறது. சபையிலயும் கேக்கிறது. அடி நிக்கும்."

நான் யோசிப்பதுபோல் பாவனை செய்தேன். யோசிக்க எதுவும் இருக்கவில்லை. தலைமை மொழிபெயர்ப்பாளர் பதவி அந்த வருடம் காலியாக இருந்தது. என் தகப்பனார் இன்னும் அதே துரையின் கீழ், அதே துரை கொடுத்த வீட்டில் இருந்தார். இவை காரணங்கள்தான். இவற்றை நான் இத்தனை வருடமாக நிறுத்துப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு அடிக்கு எதிராக வைத்தால் தட்டு அசையக்கூட மாட்டேன் என்கிறது.

படியில் நின்ற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாமி, நீங்க மேக்கணக்குக் கணக்கப்புள்ள ஐயா மகன்தானுங்களே? சின்னதுல பெரட்டுக்குக் கூடவே வந்து நிப்பீங்களே. நாங்க தொரைகிட்ட எப்பிடிப் பேசுவோம்னு ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

"அவன் ஒத்துக்கிட்டான்மா. நான் என்ன செய்ய?"

"ஒத்துக்கலீங்க. கும்பிட்டுக்கிட்டாரு."

அவ்வளவுதான் சொன்னாள். நான் என் வாழ்நாளில் மூன்று மொழிகளில் கேட்ட சட்ட வாதங்களில் அதற்கு நிகரான ஒன்றைக் கேட்டதில்லை. கோபப்பட்டேன். கோட்டு விசயத்தை வீட்டு வாசலில் பேசக் கூடாது என்று சத்தம் போட்டேன். மெம்பர் எழுந்தார். "நீங்க பயம்" என்றார். "அது சரி. நானும் பயம்தான். ஆனா அடி வாங்கப் போறது நம்ம ரெண்டு பேரும் இல்லைதானே?" தேநீர் வந்தபோது அவர் வாசல் கேற்றைத் தாண்டியிருந்தார். அந்தப் பெண் அவருக்குப் பின்னால், அவர் குடைக்குள் வராமல், நனைந்துகொண்டே நடந்தாள்.

என்னுடைய கடுதாசி இல்லாமலேயே அவர் மனு எழுதினார். சபையிலும் கேள்வி போட்டார். ஆகவே கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்து என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், நிற்க வேண்டாம், உட்காருங்கள் என்றார். அந்த ஆள் சொன்னதை முழுவதும் மொழிபெயர்த்தீர்களா என்று கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் என்றேன். அவருக்கு அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு பேரும் திருப்தியாகப் பிரிந்தோம்.

சபையில் நடந்ததைப் பத்திரிகையில் படித்தேன். மெம்பர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வழக்கறிஞர் இல்லாதவன், நீதிமன்ற மொழி தெரியாதவன், குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று சொல்லப்பட்டால் அதை அப்படியே ஏற்கக் கூடாது. ஒரு சாட்சியையாவது விசாரிக்க வேண்டும். அவன் வாயிலிருந்து வந்ததை அவன் மொழியிலேயே முழுவதும் எழுத வேண்டும். அப்படி எழுதாத வழக்கில் பிரம்படி கொடுக்கவே கூடாது. இவ்வளவுதான் கேட்டார். உதாரணமாகப் பால்வெட்டுக்காரரின் வழக்கைச் சொன்னார். அரசாங்கத் தரப்பில் பதில் சொன்னவர், சம்பந்தப்பட்ட மொழிபெயர்ப்பாளர் அனுபவசாலி, அவரே தமிழர், ஒரு வார்த்தை விடாமல் சொன்னதாக உறுதி கூறியிருக்கிறார் என்றார். அவரே தமிழர் என்ற அந்த இரண்டு சொற்கள்தான் தீர்மானத்தைக் கொன்றன. சபை சிரித்தது. ஒருவர், "மெம்பருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது யார், கருவாட்டுக் கடைக்காரனா?" என்று கேட்டிருக்கிறார். "ஆமாம்" என்றிருக்கிறார் இவர். "அந்தக் கடையின் தராசு இந்தச் சபையில் இருப்பதைவிட நேரானது." பேச்சில் அவர் தோற்கவே இல்லை. வாக்கெடுப்பில் தோற்றார். அதற்கடுத்த கிழமை சிறைச்சாலையில் பிரம்பு விழுந்தது.

அது எப்படி விழும் என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்ததில்லை. நீதவானும் பார்த்ததில்லை. சிரித்த கனவான்கள் ஒருவரும் பார்த்ததில்லை. பார்க்காத அடியைத்தான் நாட்டில் எல்லாரும் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சில மாதங்களுக்குப் பிறகு மெம்பர் ஒரு காணி வழக்குக்காக வந்தார். நான் தலைமை மொழிபெயர்ப்பாளன் ஆகியிருந்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவரே பக்கத்தில் வந்தார். "முதலியார், உங்க பேர சபையில சொல்ல எனக்கு ஏலும். பொய் சொல்றவன்னு சொன்னாலும் யாரும் என்மேல கேஸ் போட ஏலாது. நான் சொல்லல்ல."

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன். உண்மையிலேயே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"உங்களுக்கு அங்க வந்து பதில் சொல்ல ஏலாதுதானே. கேக்காம எப்படித் தண்டிக்கிறது?"

அதைக் கேலியாகச் சொன்னாரா என்று பலநாள் யோசித்தேன். இல்லை. சபையில் எதைப் பேசினாரோ அதையே எனக்கும் செய்தார். அந்த நேர்மை அவர்மேலேயே எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டி, கணக்கு முடிந்ததென்று இருந்திருப்பேன். அவர் போகும்போது இன்னொன்று சொன்னார். "அந்த ஆளு வெளிய வந்திட்டான். காம்பரா வேற ஆளுக்குக் குடுத்திட்டாங்க. இப்ப புளத்கொகுபிட்டிய பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கிறான். நான் போய்ப் பாத்தது. பெரட்டுல நிக்கிறான், பால் வெட்டுறான், வாறான். பேசுறது இல்லை முதலியார். துரைகிட்டயும் இல்லை, யார்கிட்டயும் இல்லை."

அதன் பிறகும் அவர் அதே தீர்மானத்தை வேறு வேறு சட்டை போட்டுச் சபைக்குக் கொண்டுவந்துகொண்டே இருந்தார். ஒரு முறை பிரம்படியை ஒழிக்க என்று, ஒரு முறை அபராதத்தைத் தவணையில் கட்ட என்று, ஒரு முறை நீதிமன்றத்தில் மக்கள் மொழி வேண்டும் என்று. ஒவ்வொரு முறையும் தோற்றார். சொந்த ஊர்க்காரர்களே, தமிழனுக்குத் தொண்டு செய்கிறவன் என்று அவர் வீட்டு மதிலில் கரியால் எழுதினார்கள். கேகாலைப் பக்கம் மலேரியாக் காய்ச்சல் வீடு வீடாகப் பிணம் எடுத்த காலத்தில், மருந்துப் போத்தல்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கிராமம் தோட்டம் என்று பாராமல் சுற்றினார். அந்தக் காய்ச்சலிலேயே போனார்.

இப்போது அவர் பெயரில் ஒரு மண்டபம் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை மாலை போட்டு, நீதியின் காவலர் என்கிறார்கள். அவருக்கு எதிராகக் கை தூக்கியவர்களின் பேரன்மார் முன்வரிசையில் உட்காருகிறார்கள். அவருக்கு வாக்குப் போட்ட லயத்துச் சனங்களின் வாக்கைப் பிடுங்கியாயிற்று. அவர்களின் பிள்ளைகளை இந்த நாட்டுக்காரர் இல்லை என்று எழுதிக் கப்பலேற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மேசைக்குப் பின்னால் அதிகாரி கேட்கிறார். மேசைக்கு முன்னால் ஒருவர் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். நடுவில் என்னைப்போல ஒருவன் நின்று சுருக்கிச் சொல்லிக்கொண்டிருப்பான். அவனை எனக்குத் தெரியாது. ஆனால் அவன் மதியம் நன்றாகச் சாப்பிடுவான் என்பது தெரியும்.

மெம்பரின் சாவு வீடு நடந்தது பெல்மதுளைக்குச் சற்று அப்பால், அவருடைய வீட்டு வளவில். பாதை நெடுக வெள்ளைக் கொடி. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தெல்லாம் சனம் இறங்கி வந்திருந்தது. புளத்கொகுபிட்டியப் பக்கத்திலிருந்துகூட ஒரு லொறி வந்திருந்தது. அவர்கள் தென்னை மரங்களுக்குக் கீழே குந்தியிருந்தார்கள். பெட்டியைத் தூக்குமுன் சிங்களத்தில் இரங்கல் உரைகள். முதலில் பேச எழுந்தவர், அந்தத் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்த கனவான்களில் ஒருவர். ஏற்பாடு செய்தவர் என்னைக் கண்டு முகம் மலர்ந்து, "முதலியார், நல்ல காலம், இந்தத் தமிழ்ச் சனங்களுக்கு நீங்கள் சொல்லுங்கள்" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கனவானின் பக்கத்தில் நிறுத்தினார். நானும் நின்றேன். அந்தப் பழக்கம் காலில் இருந்தது. கனவான் நாலு வாக்கியம் பேசி, எனக்காக நிறுத்தினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்று நாம் ஏழைகளின் குரலை இழந்துவிட்டோம்" என்று தொடங்கினேன்.

தென்னை மரத்தடியிலிருந்து, அன்று என் வீட்டுப் படியில் நின்ற அந்தப் பெண் எழுந்தாள். தலைமயிர் நரைத்திருந்தது. பக்கத்தில் அவள் புருசன் குந்தியிருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலியார் சொல்ல வேணாங்க" என்றாள். "எங்களுக்குச் சிங்களம் வெளங்கும். நீங்க சும்மா நில்லுங்க."

சுற்றியிருந்தவர்களில் யாரோ, "ஆமாமா, வெளங்குது, வெளங்குது" என்றார்கள். ஒரு கிழவர், "நல்லாவே வெளங்குது" என்று சேர்த்தார். சிரிப்பு கொஞ்சம் எழுந்து, சாவு வீடு என்பதால் அடங்கியது. கனவான் என் பக்கம் குனிந்து, "என்ன சொல்கிறாள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நன்றி சொல்கிறாள்" என்றேன்.

அது எப்படி என் வாயில் வந்தது என்று விளக்க மாட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் வந்தது என்பதுதான் அதில் உள்ள அசிங்கம். நான் சொன்னது சிங்களத்தில். அவளுக்குச் சிங்களம் விளங்கும் என்று அவள் சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் முன்னால் வந்தாள். என்னைத் தாண்டி வந்து கனவானுக்கு நேரே நின்றாள். தலைத்துணியை எடுக்கவில்லை, குனியவில்லை. "நான் நன்றி சொல்லல்ல மாத்தயா" என்று சிங்களத்தில் தொடங்கினாள். தெளிவான, கிராமத்துச் சிங்களம். அன்று மழை பெய்தது, என்றாள். கங்காணி மூட்டையைக் கொண்டுவந்தார், என்றாள். எங்கே வைத்தார், என்ன சொன்னார், காவல்காரன் எப்போது வந்தான், கோட்டில் தன் புருசன் எந்த இடத்தில் நின்றான், யார் வாயை மூடினார்கள், வீட்டுப் படியில் தனக்கு என்ன பதில் கிடைத்தது, சபையில் யார் சிரித்ததாக மெம்பர் தன்னிடம் வந்து சொன்னார், பிரம்பு எங்கே எங்கே பட்டது, அந்தக் காயங்களுக்கு அவள் என்ன இலை வைத்துக் கட்டினாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். சிங்களக் கிராமத்தார் நெருங்கி வந்து கேட்டார்கள். ஒரு சிங்களக் கிழவி, "ஐயோ மகளே, பிறகு?" என்றாள்.

கனவான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிணம் எடுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளிடம் நேராகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. என் காதருகே குனிந்து, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே, "சுருக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள், முதலியார்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் உத்தியோக காலம் முழுவதிலும் நான் மொழிபெயர்க்காமல் நியாயமாக விழுங்கிய ஒரே வாக்கியம் அது. இதைப் பெருமையாக எழுதவில்லை; அதனால் யாருக்கும் எந்தப் பிரயோசனமும் இருக்கவில்லை. அவர் சொன்னது அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு முறை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சொன்னாள்.